லேண்ட்லைன் கட்டணம் வீட்டு பிராட்பேண்டை எப்படித் தீர்மானித்தது?

ஒரு நாட்டில் ஏன் இத்தனை வீடுகளில் பிராட்பேண்ட் இருக்கிறது, இன்னொரு நாட்டில் ஏன் இல்லை என்று கேட்டால் வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்வார்கள். மக்களின் வருமானம், ஊருக்குள் கேபிள் வந்திருக்கிறதா என்பது, பிராட்பேண்டின் மாதக் கட்டணம். மூன்றும் சரிதான். ஆனால் நான்காவதாக ஒன்று உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. சாதாரணத் தொலைபேசியில் பேசுவதற்கு அரசு என்ன விலை வைத்தது என்பதே அது.

இணையம் வீடுகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ‘ஹலோ’ சொல்வதை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட கட்டண விதிகள் அவை. பின்னாளில் ஒரு குடும்பம் எப்போது பிராட்பேண்டுக்கு மாறும், மாறுமா மாறாதா என்பதையே அவை முடிவு செய்தன. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். இந்தக் கதை மிகத் தெளிவாகத் தெரிவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் என்பதால், பெரும்பகுதி அங்கேயே இருப்போம்.

முதலில் அடிப்படை. லேண்ட்லைனுக்கும் பிராட்பேண்டுக்கும் இடையே இரண்டு வகை உறவு இருந்தது. ஒன்று, போட்டி. பிராட்பேண்ட் வருவதற்கு முன்பு லேண்ட்லைன் வழியாகத்தான் மோடம் வைத்து டயல் செய்து இணையத்துக்குப் போனார்கள். டயல்-அப் மலிவாக இருந்தால், ‘இதுவே போதுமே, எதற்கு மாற வேண்டும்?’ என்று தோன்றும். இரண்டாவது உறவு, துணை. டிஎஸ்எல் என்ற பிராட்பேண்ட் அதே தொலைபேசிச் செம்புக் கம்பியில் வருவது. கம்பி வீட்டுக்கு வந்திருந்தால்தான் டிஎஸ்எல் கிடைக்கும். பல நிறுவனங்கள் லேண்ட்லைனுக்கு வாடகை கட்டினால்தான் டிஎஸ்எல் தருவோம் என்றன. அப்போது லேண்ட்லைன் வாடகை ஏறினால் பிராட்பேண்டின் உண்மையான விலையும் ஏறும்.

ஆக, லேண்ட்லைனின் விலையைக் குறைத்தால் பிராட்பேண்ட் பரவுமா, தடைபடுமா? இரண்டும் நடக்கலாம். எந்த விலையைக் குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாத வாடகையா, நிமிடக் கட்டணமா, அல்லது போட்டி நிறுவனம் அந்தக் கம்பியைப் பயன்படுத்தத் தர வேண்டிய மொத்த விலையா?

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். அங்கே பெரும்பாலான ஊர்களில் உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கு கிடையாது. மாதம் ஒரு தொகை கட்டிவிட்டால் உள்ளூரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். இது தானாக வந்த வழக்கம் அல்ல. எல்லா வீட்டிலும் தொலைபேசி இருக்க வேண்டும் என்பதற்காக மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் வீட்டுத் தொலைபேசியின் வாடகையை வேண்டுமென்றே குறைவாக வைத்திருந்தன. அதில் விழுந்த துண்டைத் தொலைதூர அழைப்பிலிருந்து வந்த பணம் ஈடுகட்டியது. வெளியூருக்கு அதிகம் பேசும் வியாபாரிகள், பக்கத்துத் தெருவுக்குப் பேசும் பாட்டியின் வாடகையில் ஒரு பங்கைக் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1984 ஜனவரி 1 அன்று, நாட்டின் பெரும்பாலான தொலைபேசிச் சேவையைக் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம் உடைக்கப்பட்டு, உள்ளூர்ச் சேவை தனி நிறுவனங்களுக்குப் போனது. அதன்பின் தொலைதூர நிறுவனங்கள், அழைப்பு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் உள்ளூர் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று அணுகல் கட்டணம் தர வேண்டியிருந்தது. இங்கேதான் இணையத்தின் தலையெழுத்தை மாற்றிய ஒரு சிறிய விலக்கு வருகிறது. கணினிச் சேவை தருபவர்கள் இந்த நிமிடக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம், சாதாரண வணிக வாடிக்கையாளரைப் போல மாத வாடகை கட்டினால் போதும் என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 1983-ல் முடிவு செய்தது. அப்போது அது தற்காலிகச் சலுகைதான். 1987-ல் அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தார்கள். ‘மோடம் வரி’ என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

அந்த விலக்கு போயிருந்தால், வீட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும். அது இருந்ததால்தான் 1996 டிசம்பரில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ‘மாதம் 19.95 டாலர், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்’ என்று அறிவிக்க முடிந்தது. அதற்கு முன்பு அவர்கள் 5 மணி நேரத்துக்கு 9.95 டாலர், அதற்கு மேல் மணிக்கு 2.95 டாலர் என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதிய கட்டணம் வந்த சில வாரங்களில் கூட்டம் தாங்காமல், டயல் செய்தவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு ஒலிதான் கேட்டது. விலை வைக்கும் முறையை மாற்றினாலே மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது 2000 வாக்கில் ஓர் அமெரிக்கக் குடும்பம் போடும் கணக்கைப் பாருங்கள். மகன் இணையத்தில் இருந்தால் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்காது. அதனால் இணையத்துக்கென்றே இரண்டாவது லைன் எடுக்கிறார்கள். லைனுக்கு வரியெல்லாம் சேர்த்துச் சுமார் 20 டாலர். ஏஓஎல் போன்ற சேவைக்கு இன்னொரு 20. மொத்தம் 40. அன்று பிராட்பேண்டும் ஏறக்குறைய 40 டாலரைத் தொட்டுத்தான் இருந்தது. இரண்டாவது லைன் எடுத்த வீட்டுக்கு மாறுவதில் கூடுதல் செலவே கிட்டத்தட்ட இல்லை. வேகம் பல மடங்கு. ஆனால் இருக்கும் ஒரே லைனை வைத்தே சமாளிக்கும் வீட்டுக்கு டயல்-அப்பின் செலவு வெறும் 20 டாலர். அவர்கள் மாற வேண்டுமென்றால் மாதம் கூடுதலாக 20 டாலர் எடுத்து வைக்க வேண்டும். அதே ஊர், அதே பிராட்பேண்ட் விலை. இரண்டு வீடுகளின் முடிவு மட்டும் வேறு.

இந்தக் கணக்கில் ஒழுங்குமுறை அமைப்பு எங்கே கை வைக்கிறது? தொலைபேசி பில்லில் ‘சந்தாதாரர் லைன் கட்டணம்’ என்று ஒரு தனித் தொகை இருந்தது. 1985-ல் மாதம் 1 டாலராகத் தொடங்கி 1989-ல் 3.50 டாலர் ஆனது. தொலைதூர அழைப்பின் மேல் இருந்த சுமையை இறக்கி, லைன் வைத்திருப்பவர் மேலேயே வைக்கும் ஏற்பாடு அது. 1998 தொடக்கத்தில் இதில் ஒரு வேறுபாடு கொண்டுவந்தார்கள். முதல் லைனுக்கு உச்சவரம்பு அதே 3.50 டாலர்; கூடுதல் லைனுக்கு 5 டாலர். இரண்டாவது லைன் அத்தியாவசியம் அல்ல, அதற்கு மானியம் எதற்கு என்பது அவர்கள் நியாயம். பிராட்பேண்டை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: டயல்-அப்புக்கென்று எடுக்கும் லைனின் விலை ஏறியது, அந்த அளவுக்கு பிராட்பேண்டுக்கும் அதற்கும் உள்ள விலை இடைவெளி சுருங்கியது. ஒன்றரை டாலர் பெரிய தொகை அல்லதான். ஆனாலும் கட்டண விதி எந்தப் பக்கமாகத் தள்ளுகிறது என்பது இதில் கண்ணுக்குத் தெரிகிறது.

குறைந்த வாடகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குறிப்பாகக் கிராமப்புறங்களில், அடக்க விலைக்கும் கீழே விற்கப்படும் ஒரு சேவையோடு போட்டி போடப் புதிதாக யார் கம்பி இழுப்பார்கள்? தொலைபேசி மட்டும் விற்கும் போட்டியாளர் உள்ளே வர முடியவில்லை. ஏற்கெனவே தொலைக்காட்சிக்காகக் கேபிள் போட்டிருந்தவர்கள்தான் இணையத்தோடு வந்தார்கள். அமெரிக்க வீடுகளில் டிஎஸ்எல்லை விடக் கேபிள் மோடம் முந்தியதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

பிரிட்டன் நேர் எதிர். அங்கே உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கு. வார இறுதியில் மலிவான நேரத்தில்கூட நிமிடத்துக்கு 1 பென்னி. மீட்டர் ஓடும் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு யாரும் நிதானமாகக் கதை பேச மாட்டார்கள். அப்படித்தான் பிரிட்டிஷ் வீடுகளில் இணையம் இருந்தது. மின்னஞ்சலை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, பகல் கட்டணம் முடியும் மாலை 6 மணி வரை காத்திருந்து, இணைத்து, அனுப்பி, உடனே துண்டிப்பார்கள். ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் இணையத்தில் இருந்தால், நிமிடத்துக்கு 1 பென்னி வீதம் மாதம் 36 பவுண்டு. அதுவும் எல்லா நேரமும் மலிவு நேரமாக இருந்தால்.

1998 செப்டம்பரில் டிக்ஸன்ஸ் என்ற மின்சாதனக் கடை நிறுவனம் ஃப்ரீசெர்வ் என்ற சேவையைத் தொடங்கியது. சந்தா கிடையாது, இலவசம். பணம் எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர் டயல் செய்யும் அழைப்புக்கு அவர் கட்டும் நிமிடக் கட்டணத்தில் ஒரு பங்கு, அழைப்பைப் பெறுகிறவருக்குப் போக வேண்டும் என்ற விதியிலிருந்து. அந்தப் பங்குதான் ஃப்ரீசெர்வின் வருமானம். சில மாதங்களிலேயே நாட்டின் மிகப் பெரிய இணையச் சேவையாக அது வளர்ந்தது. சந்தா போய்விட்டதால் இணையத்தை எட்டிப் பார்க்க விரும்பியவர்கள் பயமில்லாமல் உள்ளே வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் அதிக நேரம் தங்கவில்லை, மீட்டர்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே.

ஐரோப்பா முழுக்கவே இதில் கோபம் இருந்தது. 1998 செப்டம்பரில் ஸ்பெயினில் உள்ளூர் அழைப்புக் கட்டணம் ஏறியபோது இணையப் பயனர்கள் ஒரு நாள் இணைப்பைத் துறந்து வேலைநிறுத்தமே செய்தார்கள். தொலைதூர அழைப்பு விலையைக் குறைத்து உள்ளூர் விலையை ஏற்றும் ‘கட்டணச் சீரமைப்பு’ அப்போது பல நாடுகளிலும் நடந்துகொண்டிருந்தது. பொருளாதாரப்படி அதற்கு நியாயம் உண்டு. தொலைதூர அழைப்பு அதன் அடக்க விலையை விடப் பல மடங்குக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் இணையம் ஓடியது உள்ளூர் அழைப்பில். நல்ல நோக்கத்தோடு செய்த சீரமைப்பின் சுமை, அப்போதுதான் இணையத்துக்கு வரத் தொடங்கிய வீடுகளின் தலையில் இறங்கியது.

பிரிட்டனில் சிக்கல் சில்லறை விலையில் இல்லை, மொத்த விலையில் இருந்தது. இணைய நிறுவனம் வாடிக்கையாளரிடம் மாதத் தொகை வாங்கலாம். ஆனால் தொலைபேசிக் கம்பிகளை வைத்திருந்த பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். வரவு மாதக் கணக்கில், செலவு நிமிடக் கணக்கில். யாராவது இரவு பகலாக இணைப்பிலேயே இருந்தால் நஷ்டம். 2000 மார்ச்சில் அல்டாவிஸ்டா என்ற தேடுபொறி நிறுவனம் வரம்பற்ற இணையம் தருவதாகப் பெரிதாக அறிவித்துவிட்டு, ஆகஸ்டில் அதைக் கைவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்டெல், இணைய அழைப்புகளைக் கொண்டுபோகும் சேவையை பிடி மற்ற நிறுவனங்களுக்கு நிமிடக் கணக்கில்லாத நிலையான மொத்த விலைக்கும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மொத்த விலையின் வடிவம் மாறிய பிறகே நேரக் கணக்கில்லாத டயல்-அப் நிலைத்தது.

இனி கேள்விக்கு வருவோம். பிராட்பேண்டுக்கு எது நல்லது, மலிவான டயல்-அப்பா, விலை கூடிய டயல்-அப்பா? காகிதத்தில் பார்த்தால் பிரிட்டன் வீட்டுக்குத்தான் மாறுவதற்கான காரணம் அதிகம். மாதம் 36 பவுண்டு மீட்டருக்குக் கொடுப்பவருக்கு, 2002-ல் 29.99 பவுண்டுக்கு வந்த பிராட்பேண்ட் லாபம்தானே? ஆனால் எத்தனை பேர் தினமும் இரண்டு மணி நேரம் இணையத்தில் இருந்தார்கள்? மீட்டர் அவர்களை இருக்கவே விடவில்லை. இணையம் எதற்கெல்லாம் பயன்படும் என்று உட்கார்ந்து துழாவிப் பார்க்கும் நேரம் கிடைக்காதவருக்கு வேகமான இணையத்தின் தேவை எப்படித் தெரியும்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2000-ல் வயது வந்தோரில் 34 சதவீதத்தினர் வீட்டில் டயல்-அப் வைத்திருந்தார்கள். பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள் 3 சதவீதம். 2013-ல் பிராட்பேண்ட் 70, டயல்-அப் 3. மலிவான டயல்-அப் சில வீடுகளைச் சில ஆண்டுகள் பிடித்து நிறுத்தியது உண்மை. அதே டயல்-அப்தான் இணையம் இல்லாமல் இருக்க முடியாது என்ற பழக்கத்தையும் உண்டாக்கியது. இரண்டையும் தராசில் வைத்தால், பழக்கத்தின் பக்கமே கனமானது என்பது என் எண்ணம்.

அடுத்தது, துணை உறவு. டிஎஸ்எல் வேண்டுமென்றால் லேண்ட்லைனும் வேண்டும் என்ற கட்டாயம். கைப்பேசி வந்தபின் வீட்டுத் தொலைபேசி தேவைப்படாதவர்களும் அதற்கு வாடகை கட்டினார்கள். அமெரிக்காவில் 2005-லும் 2006-லும் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைய அனுமதி கேட்டபோது, லேண்ட்லைன் இல்லாமல் தனி டிஎஸ்எல் விற்க வேண்டும் என்று எஃப்சிசி நிபந்தனை வைத்தது. ஏடி அண்ட் டி, பெல்சவுத் நிறுவனத்தை வாங்கியபோது தனி டிஎஸ்எல்லுக்கு 19.95 டாலர் என்று விலையே குறிப்பிடப்பட்டது.

பிரிட்டனில் இந்தக் கட்டாயம் விளம்பரத்தில் ஒளிந்துகொண்டது. 2006-ல் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனம் ‘இலவச பிராட்பேண்ட்’ என்று அறிவித்தது. லேண்ட்லைன் வாடகையும் அழைப்புத் திட்டமும் சேர்த்து எடுப்பவர்களுக்கு. அதன் பிறகு பல ஆண்டுகள், பிராட்பேண்ட் விலையைச் சிறிதாகப் போட்டு லைன் வாடகையைத் தனியே சொல்வது வழக்கமாயிற்று. பிராட்பேண்ட் விலையில்தான் போட்டி, வாடகை மெல்ல ஏறிக்கொண்டே போனது. 2016 அக்டோபர் 31 முதல் மொத்தத்தையும் ஒரே விலையாகத்தான் காட்ட வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பு விதித்தது.

இதில் யார் அடிபட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. பிராட்பேண்டே வாங்காமல் தொலைபேசி மட்டும் வைத்திருந்த முதியவர்கள். சலுகை எதுவும் கிடைக்காமல் ஏறிய வாடகை முழுவதையும் அவர்கள் கட்டினார்கள். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தலையிட்டபின், 2018 ஏப்ரல் முதல் அவர்களுக்கு மட்டும் பிடி மாத வாடகையை 18.99 பவுண்டிலிருந்து 11.99 ஆகக் குறைத்தது.

மூன்றாவது விலை, கம்பியின் மொத்த விலை. செம்புக் கம்பி ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மற்றவர்கள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் தங்கள் கருவியை வைத்து அதே கம்பி வழியாக பிராட்பேண்ட் விற்கலாம், அதற்கு நியாயமான வாடகையை அரசு நிர்ணயிக்கும் என்பது இந்த ஏற்பாடு. அமெரிக்கா 1999-ல் ஒரே கம்பியைப் பகிர்ந்து தர வேண்டும் என்று விதித்தது. 2002-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 2003-ல் எஃப்சிசி கைவிட்டது. பிரிட்டன் எதிர்த் திசையில் போனது. கம்பி வாடகையைக் குறைத்து, 2006 ஜனவரியில் கம்பிகளைப் பராமரிக்க பிடிக்குள் ஓபன்ரீச் என்ற தனிப் பிரிவையே உண்டாக்கியது. 2008 முடிவதற்குள் இப்படிப் பகிர்ந்த லைன்கள் 50 லட்சத்தைத் தாண்டின. அங்கே ஒரே தெருவில் நாலைந்து நிறுவனங்கள் ஒரே செம்புக் கம்பியில் போட்டி போட்டன. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு தொலைபேசி நிறுவனம், ஒரு கேபிள் நிறுவனம் என்று தேர்வு முடிந்துபோனது.

இந்தியாவும் இதே பாதையில்தான் வந்தது, நடுவில் விலகியது. டயல்-அப் காலத்தில் இங்கே இரட்டை மீட்டர். இணைய நேரத்துக்குத் தனிப் பணம், தொலைபேசிக்குத் தனி ‘கால்’ கணக்கு. மூன்று நிமிடத்துக்கு ஒரு கால், காலுக்கு 1.20 ரூபாய் என்றால் மணிக்கு 24 ரூபாய் தொலைபேசிக்கு மட்டும். வீட்டில் கணினி இருந்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அதற்கு இந்தக் கணக்கே காரணம். 1999-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் கொண்டுவந்த கட்டண ஆணை எஸ்டிடி என்ற வெளியூர் அழைப்பின் விலையைக் குறைத்து உள்ளூர்ப் பக்கத்தை ஏற்றிச் சீரமைத்தது. ஸ்பெயினில் கோபத்தைக் கிளப்பிய அதே வகைச் சீரமைப்பு.

2004 அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை, 2010-க்குள் 2 கோடி இணைப்புகள் என்று இலக்கு வைத்தது. ஆனால் பிஎஸ்என்எல் தன் செம்புக் கம்பியை மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. நாட்டின் கம்பிகளில் பெரும்பகுதி அந்த ஒரு நிறுவனத்திடம்தான் இருந்தது. 2010 முடிவில் இணைப்புகள் சுமார் 1.1 கோடி. கம்பியைத் திறந்திருந்தால் 2 கோடி எட்டியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, லேண்ட்லைன்களே குறைந்துகொண்டிருந்தன. அடக்க விலைக்குக் கீழே ஓடிய கிராமத்து லேண்ட்லைன்களுக்காக மற்ற அழைப்புகளிலிருந்து வசூலித்துத் தந்த ஈட்டுத் தொகையும் 2008-ல் நின்றது. வீடுகள் கம்பிக்காகக் காத்திருக்கவில்லை. கைப்பேசியில் இணையத்தை எடுத்துக்கொண்டன.

அமெரிக்காவில் தொலைபேசி விலைக்கும் பிராட்பேண்டுக்கும் உள்ள முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஏழைகளுக்குத் தொலைபேசி மானியம் தரும் லைஃப்லைன் திட்டம் 1985-ல் தொடங்கியது. 2016-ல் அந்த மானியத்தை பிராட்பேண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று மாற்றினார்கள், மாதம் 9.25 டாலர். கிராமங்களுக்கு பிராட்பேண்ட் கொண்டுபோகவும், இந்த மானியம் வரும் அதே பொதுச்சேவை நிதியிலிருந்துதான் பணம் போகிறது. அந்த நிதி எங்கிருந்து வருகிறது? மாநிலங்களுக்கு இடையிலான தொலைபேசிச் சேவை வருமானத்தின் மீதான விகிதத்திலிருந்து. பிராட்பேண்ட் வருமானம் அந்தக் கணக்கில் சேராது. தொலைபேசியில் பேசுவது குறையக் குறைய, மீதி இருக்கும் வருமானத்தின் மீது விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. 2000-ல் 6 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 2025-ல் 36 சதவீதத்தை எட்டியது. இந்த ஏற்பாடே அரசியலமைப்புப்படி செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. பிராட்பேண்ட் நிறுவனங்களிடமும் வசூலிக்க வேண்டுமா, அப்படி வசூலித்தால் வீட்டு பிராட்பேண்டின் விலை எவ்வளவு ஏறும் என்பதுதான் அங்கே இப்போது நடக்கும் வாதம்.